ஒன்பதாம் எண்ணில் விட்டுப்போன பொருள்

மாறுமுனையம் வருவதற்கு முன்னால் ஒன்பதாம் எண் பஸ்ஸில் எந்த விசேஷமும் கிடையாது. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிடலாம். நடுவில் தூங்குகிறவர்கள் தூங்குவார்கள். காலை ஆறரைக்குக் குடியிருப்பில் புறப்பட்டால் ஆறு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல். பல வருஷம் இப்படியே ஓடியது. யாரும் அதைப் பற்றிப் பேசியதுகூட இல்லை. தன்னுடைய பஸ்ஸைப் பற்றி ஜனங்கள் பேசாமலே இருப்பது போக்குவரத்து நிர்வாகத்துக்குப் பெரிய அவமானமாகப் பட்டிருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று வருஷம் தகரத் தடுப்புக்குள் என்னமோ இடித்தார்கள், கட்டினார்கள். ஒரு நாள் தகரத்தை எடுத்தபோது உள்ளே 'ஒருங்கிணைந்த புறநகர்ப் பேருந்து மாறுமுனையம்' இருந்தது. வட்டமான கட்டடம். சுற்றிலும் இருபத்தாறு நடைமேடைகள். வட்டம் என்பதால் ஒன்றாம் நடைமேடைக்குப் பக்கத்திலேயே இருபத்தாறு. இரண்டுக்கும் நடுவில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர். நிர்வாகத்தின் வெளிப்படைத்தன்மையைக் காட்டுவதற்காக அதை வைத்தார்களாம்.

திறப்பு விழாவுக்குத் தலைமை மேலாளர் காரில் வந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியது இதுதான்:

"முன்னேறிய நகரங்களில் எல்லாம் மக்கள் மாறுகிறார்கள். நம் மக்கள் மட்டும் ஏறின பஸ்ஸிலேயே கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சோம்பலுக்கு இன்றோடு முடிவு கட்டுகிறோம். இனி இந்தப் பகுதியில் எந்தப் பஸ்ஸும் எந்த இடத்துக்கும் நேராகப் போகாது. எல்லாரும் இங்கே வந்து, இறங்கி, மாறித்தான் போக வேண்டும். நீங்கள் மாறாமல் முனையம் எப்படி முன்னேறும்?"

கை தட்டினார்கள். அவர் தலைக்கு மேலே பெரிய பலகை ஒன்றில் சிவப்பு எழுத்து எரிந்தது. இன்றைய மாற்றங்கள்: 0. மறுநாள் காலை முதல் அந்த எண் ஏறத் தொடங்கியது. ஒருவர் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால் ஒரு மாற்றம். அதை வைத்துத்தான் முனையத்தின் சாதனையை அளந்தார்கள். ஜனங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பதற்குத் தனியாகப் பலகை இல்லை.

ஒன்பதாம் எண்ணை இரண்டாக வெட்டிவிட்டார்கள். குடியிருப்பிலிருந்து முனையம் வரை 9-முன். முனையத்திலிருந்து ஆஸ்பத்திரி வழியாகக் கடைசி வரை 9-பின்.

இந்த வெட்டு நேராகப் போய் விழுந்தது இஸ்திரி அக்காவின் தலையில்.

இஸ்திரி அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை ஆவி இயந்திரத்துக்குள் கொடுத்து, மறுபக்கம் சூடாக வருவதை மடித்து அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். அதற்குள் ஐந்து நாள் தாமதமாக வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். காலை ஏழு மணி அடித்ததும் வருகை இயந்திரம் சிவப்பாகிவிடும். பதினோரு வருஷத்தில் அக்கா அதைச் சிவப்பாகப் பார்த்தது இரண்டே தடவை. அதனால் இந்த விதியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

முனையம் திறந்த மறுநாள் 9-முன் ஆறு நாற்பதுக்கு ஒன்றாம் நடைமேடையில் போய் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அக்காவின் கணவரும் இறங்கினார். அவருக்கு முனையத்துக்கு எதிரேதான் சாவி வெட்டும் கடை. அவர் தினமும் அங்கேதான் இறங்குவார். "வரேன்" என்றார். அதுதான் அவருடைய வழக்கமான காலைப் பேச்சு, முழுவதும்.

"9-பின் எங்கேங்க நிக்குது?" என்று அக்கா காக்கி உடுப்புக்காரரைக் கேட்டார்.

"இருபத்தாறு."

அக்கா திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இருபத்தாறு.

"அப்படிப் போக முடியாதும்மா. இப்படிச் சுத்தித்தான் போகணும்."

இப்படிச் சுற்றி என்றால் இரண்டு முதல் இருபத்தைந்து வரை. மாடிப்படி ஏறி, கடைகள் வழியாக நடந்து, 'உங்கள் மாற்றம், எங்கள் பெருமை' என்று எழுதியிருந்த கூடத்தைக் கடந்து, மறுபடி படி இறங்கி. பதினோரு நிமிஷம். ஓடலாமே என்றால், 'ஓடாதீர், மாறுவதை அனுபவியுங்கள்' என்று பத்தடிக்கு ஒரு அட்டை. அக்கா மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பத்தொன்று. 9-பின் ஆறு நாற்பத்துநாலுக்கே போய்விட்டிருந்தது. அடுத்தது ஏழு நாலுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் விரலை வைத்தபோது இயந்திரம் பழம் மாதிரி சிவந்திருந்தது.

இன்னும் சீக்கிரம் புறப்படலாமே என்றால், 9-முன்னில் அதுதான் முதல் பஸ். நடந்து போகலாமே என்றால், நடுவில் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. இரண்டாம் நாளும் சிவப்பு. மூன்றாம் நாளும் சிவப்பு.

நாலாம் நாள் பதற்றத்தில் சாப்பாட்டு டப்பாவை 9-முன்னில் இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். பாதி தூரம் ஓடிய பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. இருபத்தாறுக்குப் போய், 'தொலைந்தவை' என்று எழுதியிருந்த கவுண்டரில் தலையை நீட்டினார். அங்கே இருந்த குமாஸ்தாவை முனையத்தில் எல்லாரும் ரசீது என்று கூப்பிடுவார்கள். தும்மினால்கூட ரசீது கொடுக்கிறவர் என்று பெயர்.

"ஒன்பதுல ஒரு டப்பாவை விட்டுட்டேன் சார். எப்போ கிடைக்கும்?"

ரசீது அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார். அதன் மேல் துண்டுச்சீட்டு கட்டியிருந்தது.

"இதுவா பாருங்க. இது வந்து ஏழு நிமிஷம் ஆச்சும்மா."

அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "நான் இப்பத்தான் வரேன். இது எப்படி எனக்கு முன்னாடி வந்துச்சு?"

"பஸ்லதான்."

"எந்த பஸ்ல?"

"நீங்க வந்த பஸ்லதான்மா. அதுதானே இங்க வந்து 9-பின்னா போகுது. முன்னாடி இருக்கிற பலகையைத் திருப்பிப் போடுவாங்க, அவ்வளவுதான். டிரைவர் இறங்கி இதைக் குடுத்துட்டுப் போனாரு. இங்க கையெழுத்துப் போடுங்க."

அக்கா கையெழுத்துப் போட்டார். டப்பாவைப் பார்த்தார். டப்பா ஆடாமல் அசையாமல், வியர்க்காமல், நேரத்துக்கு வந்திருந்தது. அக்காவுக்கு அன்றைக்கு நாலாவது சிவப்பு.

சலவைக்கூட மேற்பார்வையாளர் நல்ல மனுஷர்தான். "இன்னொண்ணு விழுந்தா என் கையில எதுவும் இல்லைக்கா" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் அக்காவுக்கு வார விடுமுறை. நேராக முனையத்தின் மக்கள் தொடர்பு அலுவலரிடம் போனார். அவர் அறைக்குப் போகவே மூன்று கவுண்டர் மாற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வெளியே பலகையில் எண் ஒன்று ஏறியதோ என்னவோ.

"ஒரே பஸ்ஸு சார். ஒரே டிரைவரு. என்னை எதுக்கு இறக்கி விடுறீங்க?"

அலுவலர் பொறுமையாகச் சிரித்தார். குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். "அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்கம்மா. ஒண்ணாம் மேடையில அது 9-முன். இருபத்தாறுல அது 9-பின். நடுவுல இருக்கிற நாலு நிமிஷம் அது பஸ்ஸே இல்ல."

"அப்ப என்ன சார் அது?"

"வாகனம். பஸ்ஸுல பயணி போகலாம். வாகனத்துல எப்படிப் போக முடியும்? விதியில இருக்கு." ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்து விரலை ஓட்டினார். "இந்த இடைவெளியில ஓட்டுநர் இருக்கலாம், துப்புரவுப் பணியாளர் இருக்கலாம், விட்டுப்போன பொருள் இருக்கலாம். வேற யாரும் இருக்கக் கூடாது. தலைமை மேலாளரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"விட்டுப்போன பொருளுன்னா என்ன சார்?"

"அதுவும் போட்டிருக்கு. 'உடன் வந்த பயணியால் பேருந்தில் விட்டுச் செல்லப்பட்டு, தானாக இறங்காமல் இருக்கும் எதுவும்.'"

"எதுவுமா?"

"எதுவும்" என்றார் அலுவலர், விதியின் விசாலத்தில் பெருமைப்பட்டுக்கொண்டு. "உரிமையாளர் படிவம் கொடுத்தா, அவர் கேக்கிற முகவரிக்கு அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பியும் வைப்போம். பொருள்களைப் பொறுத்தவரைக்கும் நம்ம சேவையில குறையே சொல்ல முடியாதும்மா."

அன்று சாயங்காலம் அக்கா தன் கணவர் சாவிக்காரரின் முன்னால் ஒரு படிவத்தை வைத்தார். விஷயத்தைச் சொன்னார். சாவிக்காரர் அதிகம் பேசாதவர். யாராவது பூட்டைக் கொண்டுவந்து கதை சொன்னாலும் பூட்டை மட்டும்தான் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"நாளைக்குத் தொலையப் போற பொருளுக்கு இன்னைக்கே படிவம் குடுக்கலாமா?"

"ரசீது சாரைக் கேட்டேன். கூடாதுன்னு எங்கேயும் இல்லையாம். உங்களால என்னை மறந்துட்டு இறங்க முடியுமா, அதைச் சொல்லுங்க."

"முயற்சி பண்றேன்" என்றார் அவர். பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் ஆளைக் காணோம்.

"அப்படி என்னத்தைங்க எழுதுறீங்க? காட்டுங்க."

"அடையாளம்தான். ஒண்ணுமில்ல" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றே எட்டு மணிக்குள் கவுண்டரில் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தார்.

மறுநாள் ஆறு நாற்பதுக்கு ஒன்றாம் நடைமேடையில் எல்லாரும் இறங்கினார்கள். சாவிக்காரரும் இறங்கினார். படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தான் அவரை மறந்துவிட்டவர் என்பது நினைவுக்கு வந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "அக்கா, இறங்கல?"

"நான் பொருளு தம்பி. என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."

டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு காலியான பஸ்ஸை நாலு நிமிஷம் தனியாக ஓட்டி ஓட்டி அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருந்தது. "சீட்டு எங்க கட்டட்டும்?" என்றார்.

"கையில கட்டுங்க."

அது பொருள் எண் 212. ரசீது அக்காவைப் பார்த்ததும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. துண்டுச்சீட்டைப் பார்த்தார், படிவத்தை எடுத்தார், அக்காவையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்து ஒவ்வொரு அடையாளமாகச் சரிபார்த்தார். "கையைக் காட்டுங்க. சரி. செருப்பைக் கழட்டுங்க. சரி." முத்திரை குத்தினார். "முகவரி ஆஸ்பத்திரி சலவைக்கூடம். இதோ, இதே பஸ்ல அனுப்புறேன்." ஆறு ஐம்பத்திரண்டுக்கு அக்கா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். இயந்திரம் பச்சை.

இதை இரண்டு நாள் பக்கத்து இருக்கைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஏழு பொருள்கள். அடுத்த வாரம் முப்பது. ஒன்பதாம் எண்ணில் வருகிற அத்தனை பேருக்கும் நேரத்துக்குப் போக ஏதாவது ஒரு இடம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், மனிதர்களாக இருக்கும்போதே, ஒருவருக்கு ஒருவர் உரிமைப் படிவம் எழுதிக் கொடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கணக்கு வாத்தியாரும் பல் ஆஸ்பத்திரி நர்ஸும் அடையாளம் எழுதுவதற்காக அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்த்தார்கள். "உங்களுக்குப் புருவத்துல மச்சம் இருக்கா என்ன?" என்று வாத்தியார் ஆச்சரியப்பட்டார். முனையத்திலேயே வேலை பார்த்த செருப்புக்கடைப் பெண்தான் எல்லாரையும் மறந்துவிட்டு இறங்குகிறவர். "இன்னைக்கு எத்தனை பேரை மறக்கணும்?" என்று கேட்டுக்கொண்டேதான் பஸ்ஸில் ஏறுவார்.

ரசீதுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை நிறைய வேலை. பொருள்களை வகை பிரித்து நிற்க வைத்தார். வயசானவர்கள் 'உடையக்கூடியவை' என்ற பலகைக்குக் கீழே. வாய் ஓயாமல் பேசுகிறவர்களை 'மின்சாதனங்கள்' பக்கம்.

தலைமை மேலாளரின் மேஜைக்கு மாத அறிக்கை வந்தது. ஒன்பதாம் தடத்தில் மாற்றங்கள்: காலையில் சுழி. தொலைந்த பொருள்கள்: நாலாயிரம் சதவீதம் உயர்வு. அதைப் படித்து அவர் அதிர்ந்துபோனார். ஜனங்கள் இவ்வளவு கவனக்குறைவாக இருக்கிறார்களா? மக்கள் தொடர்பு அலுவலர் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவர் இன்னும் அதிர்ந்துபோனார்.

"மாறாமலே போறாங்களா?" என்றார். "நம்ம முனையத்துக்குள்ள வந்து, நம்ம கண் முன்னாடியே, போக வேண்டிய இடத்துக்குப் போறாங்களா?"

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு அவரே ஒன்றாம் நடைமேடைக்கு வந்துவிட்டார். பின்னால் கோப்புகளோடு அலுவலர். பஸ் நின்றதும் இருவரும் ஏறினார்கள். தலைமை மேலாளர் ஒன்பதாம் எண்ணில் ஏறியது அதுதான் முதல் தடவை. எங்கே பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் கம்பியைப் பார்த்தார், பிறகு மைக்கைத் தேடுவது போல சுற்றிலும் பார்த்தார்.

"யார் இங்க 212?"

அக்கா எழுந்து நின்றார். வாசலருகே இறங்கப்போன சாவிக்காரரும் நின்றுவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் தலைமை மேலாளர். "உங்களைப் பொருளா நடத்துறதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். பொருளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது எங்க கடமை. ஆனா நீங்க மனிதர்கள்! உங்க விஷயத்துல எங்களுக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. அதுதான் உங்களுக்கு நாங்க கொடுக்கிற மரியாதை. இது அப்பட்டமான மோசடி. ஆதாரம் வேணுமா? இதோ, இந்தம்மாவோட படிவம்."

அலுவலரிடமிருந்து படிவத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"'பொருளின் பெயர்: மனைவி.' பாத்தீங்களா? 'உயரம்: செருப்பு போட்டால் என் காது வரை. போடாவிட்டால் தோள் வரை.' இதெல்லாம் ஒரு அளவா? 'அடையாளம்: இடது முன்கையில் ஆவி சுட்ட தழும்பு மூன்று. மூன்றாவதை என்னிடம் சொல்லவில்லை. நான் பார்த்துவிட்டேன்.'"

அக்கா முன்கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"'ஓசை: தூக்கத்தில் விரிப்புகளை எண்ணும். நாற்பதைத் தாண்டினால் மெதுவாகத் தொட்டால் போதும், நின்றுவிடும்.' என்ன இது? 'பழுது: கோபம் வந்தால் பேசாது. இரண்டு நாளில் தானாகச் சரியாகும். அதற்குள் யாரும் கை வைக்கக் கூடாது.'"

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. சாவிக்காரர் படிக்கட்டுக் கம்பியில் ஏதோ பூட்டு இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

"'மதிப்பு: விலை கொடுத்து வாங்கியதில்லை. அதுவாக வந்தது. உரிமையாளருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு: நான் அதற்குச் சொந்தம்.'" தலைமை மேலாளர் படிவத்தை உதறினார். "தலைகீழா எழுதியிருக்காரு! பொருள்தானே உரிமையாளருக்குச் சொந்தமா இருக்கணும்? இது ஒண்ணே போதும், இந்தப் படிவம் செல்லாதுன்னு சொல்ல!"

நர்ஸ் மூக்கை உறிஞ்சினார். அக்கா கணவரைப் பார்த்தார். வீட்டில் இருபது வருஷத்தில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இருக்குமா என்று யோசித்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "நேரமாச்சு, இறங்குங்க" என்றுதான் வாயில் வந்தது.

"வரேன்" என்றார் அவர். இறங்கிவிட்டார்.

அந்த நேரம் புறப்பாட்டு மணி அடித்தது. மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும் என்பது மக்கள் தொடர்பு அலுவலருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். சட்டென்று இறங்கினார். தலைமை மேலாளர் இன்னும் படிவத்தை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கதவு மூடியது. டிரைவருக்கு நாலு நிமிஷம்தான். கிளம்பிவிட்டார்.

"நிறுத்து! நிறுத்து!"

"நடுவுல நிறுத்தக் கூடாது சார். விதி."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார்" என்றார் டிரைவர் மரியாதையாக. "ஆனா நீங்க டிரைவரும் இல்ல, பஸ் கழுவுறவரும் இல்ல. கூட வந்தவரு உங்களை விட்டுட்டு இறங்கிட்டாரு. நீங்களும் தானா இறங்கல." ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறுகையால் துண்டுச்சீட்டை நீட்டினார். "நீங்களே கட்டிக்கிறீங்களா சார்?"

இருபத்தாறாம் மேடையில் ரசீது வரிசையாக முத்திரை குத்திக்கொண்டே வந்தார். 418ஆம் எண்ணில் நிறுத்தினார்.

"இதுக்குப் படிவம் வரலையே."

"யோவ், நான்தான்யா தலைமை மேலாளர்! என் கையெழுத்துலதான் நீ வேலை பாக்குற!"

"கையெழுத்து தெரியும் சார். தினமும் பாக்குறேன். முகத்தை நான் பார்த்ததில்லையே." ரசீதின் குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "உரிமை கோராத பொருளை இங்க வெச்சுக்க அதிகாரம் கிடையாது சார். கடைசி நிறுத்தத்துக் கிடங்குக்கு அனுப்பணும். இதே பஸ்தான். ஏறுங்க."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மக்கள் தொடர்பு அலுவலர் கையை ஆட்டி என்னவோ கத்திக்கொண்டிருந்தார். வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. சுற்றிக்கொண்டு வர அவருக்குப் பதினோரு நிமிஷம் ஆகும்.

பஸ் கிளம்பியது. தலைமை மேலாளருக்கு இடம் இல்லாததால் அக்கா கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார். அவர் விறைப்பாக உட்கார்ந்தார். சன்னல் வழியே கடைகளும் வீடுகளும் ஓடின. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த பஸ் எப்பவும் இப்படித்தான் போகுமா?" என்று கேட்டார்.

"எப்படி சார்?"

"நேரா."

"முன்னாடியெல்லாம் போச்சு சார்" என்றார் அக்கா. ஆஸ்பத்திரி வாசல் வந்தது. இறங்கி விரலை வைத்தார். பச்சை.

கிடங்கில் தலைமை மேலாளர் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் ஐந்து மணி நேரம் இருந்தார். அலுவலகத்தில் அவரை மீட்கும் படிவத்தை ஆறு பேர் உட்கார்ந்து எழுதினார்கள். கிடங்குக்காரர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். உயரம் என்ற இடத்தில், 'உட்கார்ந்த நிலையில் மட்டுமே பார்த்துள்ளோம்' என்று எழுதியிருந்தது செல்லாதாம். மச்சம், தழும்பு எதுவும் யாருக்கும் நினைவில்லை. ஓசை: உண்டு. பழுது என்ற இடத்தில் ஆறு பேரும் ஆளுக்கொரு வரி எழுதி, பிறகு யோசித்து, ஆளுக்கொரு வரியை அடித்தார்கள். பயன் என்ற இடத்தில், 'ஆராயப்பட்டு வருகிறது.' கடைசியில் மதியம் அவருடைய வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டு உயரம் கேட்டு வாங்கித்தான் படிவம் தேறியது. "எங்கேயாவது விட்டுட்டீங்களா?" என்று மட்டும் அந்தம்மா கேட்டாராம்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை தலைமை மேலாளருக்கு மைக் இருந்தது.

"ஒன்பதாம் தடத்தில் நானே ஐந்து மணி நேரம் நேரடிக் கள ஆய்வு நடத்தினேன்" என்றார். "உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு புதிய யோசனை அப்போது எனக்கு உதித்தது. ஒரே பஸ், ஒரே தடம், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை! இதற்கு 'நேர்த்தடப் புரட்சித் திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் மாற்றம் என்ற உயர்ந்த கொள்கையை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்."

அப்படியே விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் ஒன்பதாம் எண், 9-முழு ஆனது. ஒன்றாம் மேடையில் இறங்குகிறவர்கள் இறங்கியதும் மணி அடிக்கும். மற்ற எல்லாரும் எழுந்து, உட்கார்ந்திருந்த இருக்கையை விட்டு வேறு இருக்கைக்கு மாற வேண்டும். கையில் எண்ணும் கருவியோடு ஒரு பரிசோதகர் நின்று, டிக், டிக் என்று அமுக்குவார். தூங்குகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கி மாற்றி வைத்தார்கள். வெளியே பலகையில் எண் இதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. ரசீதுக்கு மறுபடி வேலை குறைந்தது. குடைகளுக்கு மட்டும் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதம் சிறந்த முனையத்துக்கான விருது வந்தது. வாங்கிக்கொள்ள ஆறு பேர் போனார்கள்.

இஸ்திரி அக்காவுக்கு ஆறு மாதமும் முடிந்து நிரந்தர உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் உறையைக் கையில் கொடுத்து, "நாலோட நின்னுச்சே அக்கா" என்றார். அக்கா அதைப் பிரிக்காமல் அன்று முழுவதும் விரிப்புகளை மடித்தார். சாயங்காலம் வீட்டில் சாவிக்காரரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். "சரி" என்றார். அக்காவும் அவருடைய படிவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இடது கையை மட்டும் இப்போதெல்லாம் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை ஒன்றாம் மேடை வந்தது. "வரேன்" என்று சாவிக்காரர் எழுந்து இறங்கினார். மணி அடித்தது. பஸ்ஸே எழுந்து நின்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இடம் தேடியது. அக்கா எங்கேயும் தேடவில்லை. சன்னலோரத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்து, கணவர் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

பரிசோதகர் பார்த்தார். யோசித்தார். டிக் என்று ஒரு மாற்றம் போட்டார்.